மேற்கு அறைக்குக் கூரை

கூரையைப் பிரித்துவிட்ட வீட்டுக்குள் உட்கார்ந்திருப்பது சாலம்மாவுக்குச் சந்தைத் திடலில் உட்கார்ந்திருப்பதைப் போலக் கூச்சமாக இருந்தது. சுவர் நாலும் இருந்த இடத்தில்தான் இருந்தன, காலண்டர் அதே ஆணியில் தொங்கியது, ஆனால் தலைக்கு மேலே ஒன்றுமில்லை, நாலு இரும்புப் பைப்பும் அதற்கு மேல் சித்திரை மாதத்து வெளிறிய வானமும்தான். சேலையைச் சரிசெய்துகொள்ளும்போதெல்லாம் மேலே யாரோ பார்ப்பதாகத் தோன்றி நிமிர்ந்து பார்த்தாள். யாருமில்லை. ஒரு காக்கை சுவர் விளிம்பில் நடந்து போனது. மேற்கு அறையின் இரும்புக் கட்டிலில் அவள் புருஷன் முனிராசு மல்லாந்து கிடந்தான். வெயில் முகத்தில் விழாமல் இருக்கத் தலைமாட்டுக் கம்பியில் கறுப்புக் குடை ஒன்றைக் கட்டிவிட்டிருந்தாள். அவன் கண்கள் குடையின் விளிம்பைத் தாண்டி வெளியே போயிருந்தன. கை கால் விழுந்து மூன்று வருஷம், இந்தக் கட்டிலில் கிடந்து அவன் பார்த்ததெல்லாம் சிமெண்டு சீட்டின் அடிப்பக்கமும் அதில் பல்லி போட்ட முட்டைகளும், அப்புறம் ஒரு தார்ப்பாயும். இன்றைக்கு வானம் கிடைத்திருக்கிறது. அது அவனுக்குப் பிடித்திருக்கிறதா, பயமாக இருக்கிறதா, கண் கூசுகிறதா? கேட்டால் பதில் வராது. பேச்சு போய்விட்டது, காது நன்றாகக் கேட்கும், சொல்வதெல்லாம் புரியும், ஜாக்கிரதையாகப் பேசுங்கள் என்று டாக்டர் சொல்லி அனுப்பியிருந்தார். ஜாக்கிரதையாகப் பேசிப் பேசி அவள் பேச்சே குறைந்துபோயிற்று. கஞ்சி வேணுமா, திருப்பிப் படுக்க வைக்கட்டுமா, புண்ணு எரியுதா. மூன்று வருஷத்தில் இந்த மூன்று கேள்விகளுக்கு வெளியே அவனிடம் என்ன பேசியிருக்கிறோம் என்று யோசித்தாள். யோசித்தால் பழையபடி அந்த இடத்துக்குப் போய் நிற்கும். எழுந்துபோய் அவன் உதட்டில் ஈரத் துணியை வைத்தாள்.

கிழக்குப் பக்கச் சுவரின் மேலே கௌஸ் பாய் உட்கார்ந்து டிரில் மிஷினை அழுத்திக்கொண்டிருந்தார். கூரை வேலையில் இருபது வருஷம் பழகிய ஆள். அவருக்குத் துணையாக வந்த திம்மராயன் கீழே நின்று நீலநிறத் தகரத் தகடுகளை ஒவ்வொன்றாகக் கயிறு கட்டி ஏற்றிவிட்டான். காலையில் அவர்கள் வந்ததும் அவள் பாயிடம் சொன்ன முதல் வார்த்தை, “மொதல்ல மேக்கு ரூமை மூடிடுங்க பாய், அவரு அங்கதான் கெடக்கிறாரு” என்பதுதான். பாய் தலையை ஆட்டவில்லை. “அப்பிடி முடியாதுக்கா. இந்த மேட்டுக்கொட்டாயில காத்து மேக்காலதான் வரும், கணவாய் நேரா எதுத்தாப்புல இருக்குது பாருங்க. கிழக்கால ஆரம்பிச்சு ஒண்ணு மேல ஒண்ணா மேக்கால வந்து முடிக்கணும். அப்பத்தான் காத்துக்குத் தகடு சேர்ற வாயி தெரியாது. மேக்கால ஆரம்பிச்சா வாயெல்லாம் காத்தப் பாத்துத் தொறந்து நிக்கும், ஒரே சூறைக்காத்துல உரிச்சு எடுத்துட்டுப் போயிரும்.” அப்படியானால் அவரைக் கிழக்கு அறைக்கு மாற்றலாமே என்று பாயே சொன்னார், நாங்க ரெண்டு பேரும் தூக்கறோம் என்றார். வேண்டாம் என்று அவள்தான் சொன்னாள். முதுகுப் புண்ணில் இப்போதுதான் பொருக்கு கட்டியிருக்கிறது, போன தடவை தூக்கியபோது விரிப்போடு தோல் வந்துவிட்டது. சொன்னது நிஜம்தான். நிஜத்துக்குப் பின்னால் வேறொன்றும் இருந்ததா என்று அவளுக்குத் தெரியவில்லை. அடுத்த அறையில் அவனை வைத்துவிட்டு இவள் இங்கே இருக்கும்போது கல்மழை பிடித்துக்கொண்டால்? நடுவில் ஒரு சுவர் போதும். ஒரு சுவருக்கு அந்தப் பக்கம் நின்றுகொண்டு இவளால் இருக்க முடியும். அது அவளுக்குத் தெரியும். அதனால்தான் காலையிலிருந்து கட்டிலைவிட்டு நகராமல் உட்கார்ந்திருக்கிறாள், வெளியே போக வேண்டியிருந்தபோதுகூட ஓட்டமாகப் போய் ஓட்டமாக வந்தாள்.

யாருக்கு இந்தக் கூரை? பெங்களூரில் தையல் கம்பெனியில் இருக்கிற மகள் சுமித்ரா போனில் அதைத்தான் கேட்டாள். “இன்னும் எதுக்கும்மா அந்த வூட்டுக்குச் செலவு? அப்பாவுக்கு அப்புறம் நீ இங்க வந்துரப்போற. தார்ப்பாயிய இழுத்துக் கட்டிக்கினு ஓட்டேன்.” அப்பாவுக்கு அப்புறம். எவ்வளவு சுலபமாக வருகிறது அவளுக்கு. இவள் வாயில் அந்தச் சொல் ஒருநாளும் வந்ததில்லை, வாயில் வரவில்லை என்பதால் மனசில் இல்லையென்று ஆகிவிடுமா. போன வருஷத்துக் கல்மழையில் சீட்டுகள் உடைந்த பிறகு ஒரு வருஷம் தார்ப்பாயில்தான் ஓட்டினார்கள். ஆடி மாசத்துக் காற்றில் அந்தத் தார்ப்பாய் அடித்துக்கொண்டதே, படபடவென்று ராவும் பகலும், யாரோ மேலே உட்கார்ந்து துணி துவைப்பதுபோல. அவன் கண்ணை மூடாமல் கிடந்தான். அப்போதுதான் முடிவு பண்ணினாள், நல்ல தகடாகப் போடவேண்டும், காற்றும் கல்லும் அசைக்க முடியாத தகடு. இரண்டு மாடுகளையும் விற்றாள். தனி மனுஷியாகப் பார்க்க முடியவில்லை என்று ஊரில் சொன்னாள். பத்துப் பதினைந்து வருஷமாகப் பார்த்த மாடுகளை இப்போது பார்க்க முடியவில்லையாம். கூரைக்காகத்தான் விற்றோம் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். அதுவும் முழுசாக நிஜமில்லை. மாடு இருந்தால் பால் இருக்கும், பால் இருந்தால் சாயங்காலம் அதை ஊற்றச் சொசைட்டிக்குப் போகவேண்டும், சொசைட்டி வாசலில் நிற்கவேண்டும், அந்த சிமெண்டு சன்ஷேடுக்கு அடியில். இதோ, திரும்ப அங்கேதான் வந்து நிற்கிறது. டிரில் மிஷின் தகரத்தில் இறங்கும் சத்தம் பல்லைக் கூசவைத்தது. எண்ணிப் பார்த்தாள், நாலு தகடு ஏறியிருந்தது. மொத்தம் ஒன்பது. வெயில் உச்சிக்கு வந்து சாயத் தொடங்கியிருந்தது. “பாய், டீ குடிச்சிட்டு செய்யிறீங்களா?” “வேணாங்க்கா, முடிச்சிட்டுக் குடிக்கலாம்.” அவரும் கணவாயின் பக்கம் ஒருதரம் பார்த்துவிட்டுத்தான் அதைச் சொன்னார். அவர் பார்த்ததை இவள் பார்த்துவிட்டாள்.

கணவாய்க்கு மேலே கைப்பிடி அளவுக்கு ஒரு மேகம் இருந்தது. வெண்மைதான், ஒன்றும் செய்யாது என்று நினைத்தாள். போன வருஷமும் இப்படித்தான் வெண்மையாக இருந்தது, பால் கறக்க உட்காரும்போது வெண்மை, கறந்து எழும்போது ஈயப் பாத்திரத்தின் நிறம். அன்றைக்கு அவனுக்கு முகம் துடைத்துவிட்டு, தலைமாட்டில் ரேடியோவைப் போட்டுவிட்டுத்தான் போனாள். இப்போ வந்திர்றேன் என்று சொல்லிவிட்டுத்தான் போனாள். அளவுக்காரர் பாலை ஊற்றி எழுதும்போது முதல் கல் விழுந்தது, சொசைட்டி வாசலில் நின்ற சைக்கிளின் மணிமேல் விழுந்து டிங்கென்றது. எல்லோரும் சிரித்தார்கள். அப்புறம் சிரிப்பு நின்றது. எலுமிச்சம்பழம் அளவுக்குக் கற்கள், தரையில் விழுந்து இடுப்புயரம் எகிறின. மாந்தோப்புகளில் பிஞ்சுகள் விழுகிற சத்தம் தனியாகக் கேட்டது. ஆறேழு பேர் சன்ஷேடுக்கு அடியில் ஒண்டி நின்றார்கள். அங்கிருந்து இவள் வீடு தெரியும், அறுபது தப்படி இருக்குமா, எழுபது இருக்கட்டும். அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே மேற்குப் பக்கத்துச் சீட்டு ஒன்று நடுவில் உள்வாங்கிக் காணாமல் போயிற்று. “ஐயோ, உன் வூட்டு சீட்டு உடையுது சாலு, அண்ணன் உள்ள கெடக்கிறாரே” என்று பக்கத்தில் நின்ற தேவகி கத்தினாள். “எப்பிடிப் போறது, மண்ட ஒடஞ்சிரும்” என்று இவள் சொன்னாள். ஆமாம், யாரால் போகமுடியும், இந்தக் கல்லில் எருமைகூட நிற்காது என்று எல்லோரும் சொன்னார்கள். பிறகும் அதையேதான் சொன்னார்கள், இன்று வரைக்கும் ஒருவர்கூட வேறுமாதிரி சொன்னதில்லை. இது வரைக்கும் அவளால் நினைக்க முடியும். இதற்குமேல் நினைவு ஒரு பாத்திரத்தில் போய்த் தட்டி நின்றுவிடும்.

அலுமினிய அன்னக்கூடை. பால் கேன்களைக் கழுவுவதற்காக சொசைட்டியில் வைத்திருந்தது, பெரியது, அவள் காலுக்குப் பக்கத்திலேயே கவிழ்த்து வைத்திருந்தார்கள். அதைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு ஓடியிருக்கலாம். தோள் வரைக்கும் மறைத்திருக்கும். வேறு யாருக்கும் அது தோன்றவில்லை, அவளுக்குத் தோன்றியது. தோன்றியது மட்டுமில்லை, குனிந்து அதன் காதைத் தொட்டாள், ஈரமாகக் குளிர்ந்து இருந்தது. தொட்ட கையை எடுத்துவிட்டாள். எடுத்து முந்தானையில் துடைத்துக்கொண்டாள். இரண்டாவது சீட்டு உடைந்தது. மனசுக்குள் ஒரு குரல், அவளுடைய குரலேதான், சண்டையோ அழுகையோ இல்லாமல், கடையில் சாமான் கேட்பதுபோல அவ்வளவு சாதாரணமாகச் சொன்னது, முடிஞ்சிட்டா முடிஞ்சிடட்டும். கல் நின்ற பிறகு ஓடினாள். ஊரே பார்க்க மாரில் அடித்துக்கொண்டு ஓடினாள். உள்ளே போனால் அவன் வயிற்றுக் குழியிலும் கால்களுக்கு நடுவிலும் கற்கள் குவிந்து கிடந்தன, காதுக்கு ஓரமாகத் தலையணையில் முக்கோணமாக ஒரு சீட்டுத்துண்டு செருகி நின்றது, நெற்றி கிழிந்து ரத்தம் கண்ணுக்குள் இறங்கியிருந்தது. அந்தக் கண்ணால் அவளைப் பார்த்தான். லாரி ஓட்டின காலத்தில் இரண்டு நாள் கழித்து வீட்டுக்கு வரும்போது வாசலில் நின்று, வந்துட்டேன் என்று சொல்லாமல் பார்ப்பானே, அதே பார்வை. நெற்றியில் மூன்று தையல். ஆஸ்பத்திரியில் நர்ஸ், புண்ணியம் பண்ணினவங்கம்மா நீங்க என்றாள்.

“அக்கா!” பாயின் குரல் மாறியிருந்தது. ஏழாவது தகட்டில் கடைசி ஸ்க்ரூவை இறக்கிவிட்டு அவர் எழுந்து நின்றிருந்தார். சட்டை முதுகில் ஒட்டாமல் உப்பி ஆடியது. மேகம் கணவாயை விட்டு இறங்கி ஏரிக்கரை வரைக்கும் வந்துவிட்டிருந்தது, அதன் வயிற்றுப் பக்கம் பச்சையாக இருந்தது. அந்தப் பச்சை அவளுக்குத் தெரிந்த பச்சை. “நிறுத்திக்கலாங்க்கா. மீதி ரெண்டு தகட்டை நாளைக்கிப் போட்டுக்கலாம். காத்துல தகட்டைத் தூக்கினா அது கத்தி மாதிரி, ஆளை வெட்டிப்போட்டுரும்.” மீதி இரண்டு தகடு என்பது கட்டிலுக்கு நேர் மேலே. நாளைக்கு என்கிறார். கட்டிலை இழுத்துப் பார்த்தாள், காலே நகரவில்லை, நகர்ந்தாலும் அறைக் கதவில் நுழையாது, பாகம் பாகமாகக் கொண்டுவந்து இந்த அறைக்குள்ளேயே வைத்துப் பூட்டிய கட்டில். ஒருத்தியாக அவனைத் தூக்கினால் இரண்டு பேரும் விழுவார்கள். இவர்கள் இறங்கிவந்து அவசரத்தில் தூக்கினால் முதுகுத் தோல் மறுபடியும் விரிப்போடு வந்துவிடும். கல் இறங்காமலும் போகலாம், மேகம் திரும்பிப் போவதும் உண்டுதான். அப்படியே இருந்துவிட்டால் என்ன என்று அந்தச் சாதாரணக் குரல் எங்கேயோ ஆரம்பிப்பதற்குள் அவள் கத்தினாள். “போட்டுருங்க பாய்! உங்க புள்ளைங்க நல்லா இருக்கணும், போட்டுருங்க! நான் கயிறு புடிக்கிறேன்!” பாய் மேகத்தைப் பார்த்தார், குடைக்கு அடியில் கிடந்தவனைப் பார்த்தார். “திம்மராயா, ஏத்துடா” என்றார்.

தகட்டின் ஒரு முனையில் கட்டிய கயிற்றைப் பைப்புக்கு அடியில் விட்டு அவளிடம் போட்டார்கள். கட்டிலுக்குப் பக்கத்தில் நின்று இரண்டு கையிலும் சுற்றிக்கொண்டாள். எட்டாவது தகடு எப்படியோ உட்கார்ந்துவிட்டது. ஒன்பதாவதைக் காற்று அடியில் புகுந்து தூக்கியது. குதிகால் தரையைவிட்டு எழும்பியது, கயிறு உள்ளங்கையில் இரண்டு விரற்கடை ஓடித் தோலைக் கொண்டுபோயிற்று. விடவில்லை. குடை பிய்த்துக்கொண்டு அறைக்குள் சுழன்று கதவில் மோதியது. மேலே பாய் குப்புற விழுந்து தகட்டைத் தன் உடம்பால் அழுத்தியிருக்கவேண்டும், அவர் திட்டுவதும் அல்லாவைக் கூப்பிடுவதும் மாறிமாறிக் கேட்டது. ஒரு ஸ்க்ரூ. இன்னொன்று. நீலத் தகடு அவள் தலைக்குமேல் இறங்கிப் படிந்து வானத்தின் கடைசித் துண்டை மூடுவதை முனிராசு பார்த்துக்கொண்டே இருந்தான், கடைசிக் கீற்று வரைக்கும் கண்ணைச் சிமிட்டாமல் பார்த்தான். அறை இருட்டிக்கொண்டது. அவன் இன்னும் அந்த இடத்தையே பார்த்தான். அப்போதுதான் அவளுக்குத் தெரிந்தது, அவன் காலையிலிருந்து சந்தோஷமாக இருந்திருக்கிறான். மூன்று வருஷத்தில் ஒரு அரை நாள். அந்த அரை நாளில் அவன் முகத்தைப் பார்க்காமல் மேகத்தையே பார்த்துக்கொண்டிருந்திருக்கிறாள். இனி பார்க்க முடியாது. பாய் சொன்னபடி முப்பது வருஷத்துக்கு இந்தத் தகடு அசையாது.

ஆட்கள் இருவரும் ஏணியை விட்டுக் காலி மாட்டுக்கொட்டகைக்குள் ஓடுவது கேட்டது. கதவைச் சாத்தினாள். முதல் கல் துப்பாக்கிக் குண்டு மாதிரி விழுந்தது, இரண்டாவது, பிறகு எண்ண முடியவில்லை. சிமெண்டு சீட்டில் விழுகிற சத்தத்துக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. வீடே ஒரு தகர டின்னாகி அதற்குள் இரண்டு பேரையும் போட்டுக் குலுக்குவதுபோல இருந்தது. முனிராசுவின் வாய் திறந்திருந்தது, அவன் ஏதோ சத்தம் போட்டான், என்ன சத்தம் என்று கேட்கவில்லை. அவன்மேல் குனிந்து இரண்டு கையாலும் அவன் காதுகளைப் பொத்தினாள். உள்ளங்கை ரத்தம் அவன் கன்னத்தில் பட்டது. “ஒண்ணுமில்லய்யா, ஒண்ணுமில்ல” என்று சொன்னாள். சொன்னது அவளுக்கே கேட்கவில்லை. இன்னும் உரக்கச் சொன்னாள், அதுவும் கேட்கவில்லை. தொண்டை அதிர்வது மட்டும் தெரிந்தது. என்ன சொன்னாலும் இப்போது கேட்காது. அது புரிந்ததும் அவளுடைய வாய் அவளைக் கேட்காமலேயே பேச ஆரம்பித்தது. மூன்று வருஷமாகத் தூக்கித் திருப்பி என் இடுப்பு விட்டுப்போயிற்று என்று சொன்னாள். உன் மூத்திர வாடை என் சோத்துல வருதுய்யா என்று சொன்னாள். நீ நல்லா இருந்தப்ப என்கிட்ட எத்தினி வார்த்தை ஆசையாப் பேசின, அதுக்குத்தான் பேச்சு போச்சா என்று கேட்டாள். கேட்டுவிட்டு, இல்லைய்யா இல்லைய்யா என்றாள். பாத்திரத்தைப் பற்றிச் சொன்னாள். கால்கிட்டயே இருந்துச்சு, காதைத் தொட்டேன், சில்லுன்னு இருந்துச்சு, எடுத்துக் கவுத்துக்கினு ஓடி வந்திருக்கலாம் என்றாள். ஊர்ல எல்லாரும் முடியாதுன்னு சொல்றாங்க, அவங்களுக்குத் தெரியாது என்றாள். பேசப் பேசக் கை வழுக்கியது, அவன் காதுகளிலிருந்து நழுவித் தலையணையில் ஊன்றிக்கொண்டது, அவள் அதைக் கவனிக்கவில்லை. மேலே சத்தம் உச்சத்துக்குப் போயிற்று, அதற்குமேல் கத்தினாள், நரம்பு புடைக்கக் கத்தினாள், உடம்பில் உள்ளதெல்லாம் அந்தச் சத்தத்துக்குள் போய்விடும் என்று நினைத்துக் கத்தினாள்.

கல்மழை குறைந்து நிற்பதில்லை. வெட்டினாற்போல நிற்கும். நின்றது.

“நீ செத்துட்டா தேவலைன்னு வேணும்னேதான் நின்னேன்!”

அறைக்குள் அது மட்டும் இருந்தது. சுவரில் பட்டுத் திரும்பி அவள் காதிலேயே விழுந்தது, யாரோ ஒரு பொம்பளை கத்துகிற குரல். கூரை விளிம்பிலிருந்து தண்ணீர் வழிந்து வாசல் கல்லில் விழும் சத்தம், மாட்டுக்கொட்டகையில் திம்மராயன் தும்மும் சத்தம், எல்லாம் தெளிவாகக் கேட்டன. முனிராசுவின் வாய் மூடியிருந்தது. அவன் கண்கள் இப்போது தகட்டைப் பார்க்கவில்லை. வேறு எங்கேயும் திரும்ப முடியாத முகம், வேறு எங்கேயும் போக முடியாத கண்கள், அவளைப் பார்த்துக்கொண்டிருந்தன. கோபமா, தெரியவில்லை. முன்னாலேயே தெரிந்ததுதான் என்பதா, அதுவும் தெரியவில்லை. ஒரு வார்த்தை திட்டிவிட்டால் போதும், பழைய முனிராசு மாதிரி பக்கத்து வீடு வரைக்கும் கேட்கிறாற்போல ஒரு கெட்ட வார்த்தை. அவன் நெஞ்சு ஏறி இறங்கியது. இன்னும் எத்தனை வருஷம் இந்தக் கண்ணுக்குக் கஞ்சி ஊட்டவேண்டும், எத்தனை வருஷம் இந்தக் கண்ணுக்கு எதிரில் விளக்கேற்றி, விரிப்பு மாற்றி, திருப்பிப் படுக்க வைத்து. டாக்டர் சொன்னார், நெஞ்சு பலமாக இருக்கிறது, நன்றாகப் பார்த்துக்கொண்டால் ரொம்ப நாள் இருப்பார்.

“அக்கா!” வெளியே கௌஸ் பாய் ஆலங்கட்டிகளை மிதித்துக்கொண்டு நடந்து வருவது கேட்டது. அவர் குரலில் சிரிப்பு இருந்தது. “பாத்தீங்களாக்கா, என்னா அடி அடிச்சுது! ஒரு நெளிசல் வுழலியே! உள்ள எங்கனா சொட்டுதா பாருங்க!”

“பாக்கறேன் பாய்” என்றாள். குரல் கரகரத்துப் போயிருந்தது.

நிமிர்ந்து மேலே பார்த்தாள். அறையின் கிழக்கு மூலையிலிருந்து ஆரம்பித்து ஒவ்வொரு தகடாக, ஒவ்வொரு ஸ்க்ரூவாகப் பார்த்துக்கொண்டு வந்தாள். எங்கேயும் ஒரு துளி இல்லை. மேற்குச் சுவர் வரைக்கும் பார்த்து முடித்துவிட்டாள். முடித்த பிறகும் அவளால் தலையைக் கீழே இறக்க முடியவில்லை.

“சொட்டுதாக்கா?” என்று பாய் மறுபடியும் கேட்டார்.